இரட்டை நெட்வொர்க் கார்டுக் கொள்கை: தடையும் விடையும்

வீட்டுக் கம்ப்யூட்டரில் லேன் கேபிளைச் செருகிவிட்டு வைஃபையையும் அணைக்காமல் வைத்தால் இன்டர்நெட் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்பது நம் காலத்தின் செல்வாக்குள்ள கொள்கைகளுள் ஒன்று. இதற்கு மூலநூல் இல்லை. ஆசிரியர் பெயரும் தெரியவில்லை. பொறியியல் மாணவர், கம்ப்யூட்டர் கடைக்காரர் என்று வழிவழியாக வாய்மொழியிலேயே காக்கப்பட்டு வருகிறது. செவிவழி மரபை எடுத்த எடுப்பில் தள்ளுவது ஆய்வு நெறி ஆகாது என்பதால், அதன் வலுவான வடிவத்தை முதலில் சொல்லிவிடுவோம்: கேபிள் வழியே விநாடிக்கு 1000 மெகாபிட், வைஃபை வழியே 433 மெகாபிட், ஆக மொத்தம் 1433. கூட்டலில் பிழை இல்லை.

கூட்டிய இடம்தான் பிழை. அந்த 1433 கம்ப்யூட்டருக்கும் ரௌட்டருக்கும் இடையே, அதாவது மேசைக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே உள்ள சில அடி தூரத்துக்கான கணக்கு. ரௌட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும் ஃபைபரில் நாம் கட்டும் மாதப் பணத்துக்கு 100 மெகாபிட் என்றால் நூறுதான். ஒரே குழாயடியில் இரண்டு குடம் வைப்பவருக்குக் குடம்தான் இரண்டு. தண்ணீர் அதே தண்ணீர். போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரே இந்தக் கொள்கையை ஏற்பதில்லை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ‘ரூட் பிரின்ட்’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு பட்டியல் விழும். அதில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி இரண்டு இருக்கும், கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. வரியின் கடைசியில் மெட்ரிக் என்றொரு எண். எது சிறியதோ அந்த வழியாகவே வெளியே போகும் எல்லாம் போகும். மற்றது இணைப்பில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு வாளாவிருக்கும்.

“ஒரே ரௌட்டராக இருப்பதால்தான் இந்தக் கேடு, இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இணைப்பு வாங்கி, கார்டுக்கு ஒன்றாகக் கொடுத்தால் என்ன?” என்பாரும் உளர். இது மதிக்கத்தக்க தடை. விடை வருமாறு: டிசிபி முறையில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டுபவை நான்கு: இங்குள்ள ஐபி முகவரி, இங்குள்ள போர்ட் எண், அங்குள்ள முகவரி, அங்குள்ள போர்ட் எண். பாதி பாக்கெட்டுகளை இன்னொரு கம்பெனி வழியே அனுப்பினால் அவை வேறொரு முகவரியிலிருந்து வந்தவையாகத் தெரியும். எதிர்முனை சர்வர் அவற்றை உள்ளே விடாது. ஆகவே பெரிய ஃபைல் ஒன்றை ஒரே இணைப்பில் இறக்குபவர் ஒரு கம்பெனியின் வேகத்தோடு நிற்க வேண்டியதுதான். டோரன்ட் போல ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கும் மென்பொருளுக்கு மட்டும், பங்கிட்டுக் கொடுக்க ஏற்பாடு இருந்தால், இரண்டு வழியும் பயன்படும். கொள்கைக்காரருக்கு இந்த அளவு வெற்றியை வழங்குவதில் நமக்கு வருத்தமில்லை. இரண்டு பில்லையும் கட்டுபவர் அவர்தானே.

இனி, 2000ஆம் ஆண்டில் வந்த 802.3ஏடி தரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் சிலர். இரண்டு கேபிள்களை ஒன்றாகக் கட்ட அது வழி சொல்கிறது, உண்மை. ஆனால் இரு முனைக் கருவிகளும் அதற்கு உடன்பட வேண்டும். சாதாரண வீட்டு ரௌட்டர் பெரும்பாலும் உடன்படாது. உடன்பட்டாலும், ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை குலையக் கூடாது என்பதற்காக அவற்றை ஒரே கேபிளில்தான் செலுத்தும். என்னை? வரிசை மிகவும் மாறி வந்தால், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று டிசிபி முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரட்டிப்பாக்கப் போய்க் கையில் இருந்ததும் குறையும்.

அப்படியானால் இரண்டாம் கார்டுக்கு மதிப்பே இருந்ததில்லையா என்றால், அற்றன்று. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, ஒரு கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டை வீட்டிலுள்ள மற்றவற்றுக்கும் பகிரும் வசதியைத் தந்தது. கேபிள் மோடம் வைத்திருந்தவர்களுக்கு அதற்கு இரண்டு கார்டு வேண்டியிருந்தது: ஒன்று மோடத்தைப் பார்த்து, மற்றொன்று வீட்டைப் பார்த்து, 192.168.0.1 என்ற முகவரியோடு. இரண்டும் வெவ்வேறு திசை நோக்கி நின்றதால்தான் இரண்டுக்கும் வேலை இருந்தது. ரௌட்டர் விலை இறங்கியதும் அந்த வேலை முழுவதும் சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது. கொள்கைக்காரர் இரண்டையும் ஒரே திசையில் திருப்பி வைத்துவிட்டு வேகத்தை எதிர்பார்க்கிறார்.

எஞ்சியிருப்பது, ஒன்று அறுந்தால் மற்றது உதவும் என்ற வாதம். கேபிளை எலி கடித்தால் வைஃபை உதவும்தான். கரண்ட் போனால் ரௌட்டர் அணையும். அதோடு இரண்டும் போகும். ஆதலால், இரண்டாவது கார்டு வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், ரௌட்டருக்கென்றே 12 வோல்ட்டில் விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளவும்.