மெஷினுக்கு ஒரு பொட்டு

எங்கள் வீட்டில் தையல் மெஷினைப் போலப் பொத்திப் பாதுகாக்கப்படும் பொருள் வேறில்லை. ஆண்டுக்கு 364 நாள் அதன்மேல் பூப்போட்ட உறை. உறைமேல் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி மூட்டை. தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மிச்சமுள்ள ஒரு நாள் ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், கதம்பச் சரம், சுண்டல்.

எண்ணெய்? தலைக்குத் தடவும் அதே தேங்காய் எண்ணெய்தான். மெஷின் எண்ணெயில் அந்த மணம் வருமா? 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுமாம். உறையட்டுமே! மார்கழிக் குளிரில் நமக்கே எழ மனமில்லை.

பேரன் பிறந்தான். நான்கு பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். ஊசி, என் கல்யாண ரவிக்கை தைத்த அதே 11ஆம் நம்பர். புது ஊசி ஒரு டீ விலை. அநாவசியச் செலவு எதற்கு? சேலைக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டியது. கோளாறு மேல்நூலில், திட்டு வாங்கியது கீழே இருந்த பாபின். ஆபீஸ் வழக்கத்தை வீட்டில் மட்டும் மீறலாமா?

மெக்கானிக் வந்தார். பல்லிடுக்குப் பஞ்சைப் பழைய டூத் பிரஷால் வழித்தார். எண்ணெய்த் துளைகளில் கம்பியை விட்டுச் சுரண்டினார். வந்தது சந்தனம். ஆண்டுவாரியாக, அடுக்கடுக்காக.

“பூஜையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா, தானா ஓடும்” என்றார்.

மகா ஞானி. அடுத்த ஆண்டிலிருந்து பொட்டு அவருடைய ஸ்க்ரூ டிரைவருக்குத்தான்.