‘இருக்கட்டுங்க’ கணக்கர்

ஈரோட்டுப் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக ஜவுளி வியாபாரம் நடத்தும் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இவரைப் பார்த்துவிடலாம். கல்லாவுக்குப் பின்னால், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் உட்கார்ந்திருப்பார். எட்டினால் வவுச்சர் பறந்துவிடுமே. எந்தத் தாளைக் காட்டி, “இதைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: “இருக்கட்டுங்க.”

சட்டம் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். அப்பீல் ஏதாவது நடந்தால், அது தீர்ந்து ஓராண்டாவது ஆகவேண்டும். இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். “எட்டு வருஷம் வைக்கணும்னு போட்டிருக்குதுங்க. ஒம்பதாம் வருஷம் வீசணும்னு எங்கீங்க போட்டிருக்குது?” இதைக் கேட்ட ஆடிட்டர் காப்பியை முடித்துக்கொண்டு பேசாமல் கிளம்பிப் போனார்.

மாடி குடோனில் துணி வைத்த காலம் போய்விட்டது. இப்போது சிவப்புத் துணியில் கட்டிய பேரேடுகள், கம்பியில் குத்திய சீட்டுகள், விற்பனை வரிக் காலத்து சி ஃபார்ம் அடிக்கட்டைகள், எப்போதோ மூடிப்போன லாரி ஆபீஸ்களின் ரசீதுகள். நடுநடுவே பாச்சை உருண்டை. ஒவ்வொரு பேரேட்டின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். சரஸ்வதி பூஜையில் வைத்துக் கும்பிட்டதை எடைக்குப் போடுவதா? எந்த ஆடிட்டராலும் இதற்கு விலக்கு வாங்கித்தர முடியாது.

பெட்ரோல் பங்க்கில் தரும் பில் இன்னொரு தலைவலி. சூட்டில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கி மறைந்துவிடும். வரிக்காரருக்கோ அது ஆண்டுக்கணக்கில் இருக்கவேண்டும். அதனால் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்து ஊசி போட்டுவிடுவார். அசல் வெறும் தாளான பிறகும் எடுத்து எறிய மாட்டார். “ஒரிஜினல் ஆச்சுங்களே!”

இவர் வாயை யாரும் அடைக்க முடியாததற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒருமுறை வரி ஆபீசிலிருந்து பழைய கணக்குக்கு நோட்டீஸ் வந்தது. காலையில் மாடி ஏறியவர் சாயங்காலம் தலையெல்லாம் ஒட்டடையோடு, முத்திரை போட்ட நகலுடன் இறங்கினார். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு தாளின் புண்ணியத்தில் மற்ற லட்சம் தாளும் இன்றுவரை பிழைத்துக் கிடக்கின்றன.

ஆனால் சட்டம் நிரந்தரமாக வைக்கச் சொல்வது டைரக்டர்கள் கூட்டத்து மினிட்ஸ் புத்தகத்தை. டீ வாங்கிய சீட்டுகூட இருக்கும் மாடியில் அது மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஆடும் பீரோவின் காலுக்கு அடியில் கிடைத்தது. “அதுதாங்க கனம் சரியா இருந்துச்சு.”

படித்துவிட்டு வந்த முதலாளி மகன், தாள் நறுக்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். அப்போதுதான் கணக்கர் கடலைப் பொட்டலக் கதையை எடுத்தார். எடைக்குப் போன பேரேடு பொட்டலமாகி, எதிர்க்கடைக்காரர் கடலை தின்றுகொண்டே நம் கொள்முதல் விலையைப் படித்தாராம். சொல்லும்போதெல்லாம் கடையும் விலையும் மாறும். ஆனாலும் பயம் நியாயமானதுதான். நறுக்கினால் அந்தப் பயமே இல்லை என்றார் மகன். கணக்கர் தலையை ஆட்டினார். மெஷினின் பில்லை ஃபைல் செய்தார், வாரண்டி கார்டை ஃபைல் செய்தார், அட்டைப்பெட்டியை மாடிக்கு அனுப்பினார். மெஷின்மேல் இப்போது நான்கு கட்டு வவுச்சர் உட்கார்ந்திருக்கிறது.

வயதாகிவிட்டது, வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பவும் வழியில்லை. எந்தக் கட்டு எங்கே என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. இதைப் பிழைக்கத் தெரிந்தவரின் வேலை என்று சொல்வேன். அவர் கேட்டால் அடியோடு மறுப்பார். போன மாதம் மகன் நயமாகக் கேட்டுப் பார்த்தார்: “ஐயா, எது எங்க இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“தாராளமா எழுதறனுங்க தம்பி. அந்த நோட்டை வைக்க ஒரு பீரோ மட்டும் வாங்கிக் குடுத்திருங்க.”