மொட்டைத் தலையும் முழங்காலும்

பகற்பொழுதில் கல்லூரியிலே பிசியோதெரபி போதிப்பதும், அந்தி சாய்ந்தபின் அதே வித்தையை மதுரையில் ஒரு சந்துக்குள் தரைத்தளத்து அறையொன்றில் (முழங்கால் வலிக்காரர்களை மாடிப்படி ஏறி வரச் சொல்லும் துணிச்சல் எங்கள் தொழிலில் எவருக்கும் கிடையாது) நோயாளிகளின்மீது பிரயோகிப்பதுமாக என் காலம் கழிவதை அறிந்த பந்துமித்திரர்கள், என்னைக் கண்ட மாத்திரத்தில் இரக்கப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு உத்தியோகத்தையும் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்று அவர்கள் வியக்கும்போது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்ற வழக்கு என் பொருட்டே உண்டாயிற்றோ என்று நினைத்துக்கொள்வேன். தலை என்னுடையது, முழங்கால்கள் ஊராருடையவை. ஆனால் முடிச்சு அவர்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

கிளினிக்குக்குள் வாத்தியார் நுழைந்துவிடுகிறார் என்பது மெய்தான். ஷார்ட்வேவ் டயதெர்மி என்னும் கருவி 27.12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவதையும், அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர் என்பதையும், அது தசையின் ஆழத்திலே வெப்பத்தை எவ்விதம் உண்டாக்குகிறது என்பதையும் காலையில் வகுப்பில் சொல்லி முடித்த வேகம் அடங்காமல், மாலையில் இடுப்பு வலியோடு வந்த ஓர் அம்மாளுக்கும் அதையே ஆதியோடந்தமாக எடுத்துரைத்தேன். அவர் மிகுந்த பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கரண்டு இன்னும் ரெண்டு பாயிண்டு ஏத்தி வைங்க" என்றார். இவராவது பரவாயில்லை. அல்ட்ராசவுண்டு என்னும் கருவியோ வினாடிக்குப் பத்து லட்சம் தடவை அதிர்ந்தாலும் காதுக்குக் கேட்பதில்லை. மிதமாக வைத்தால் சூடும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் தடவிய ஜெல்லியின் குளிர்ச்சிதான். "மிஷினு ஓடுதா தம்பி?" என்று சந்தேகம் கேட்காத நோயாளியை நான் கண்டதில்லை. ஆகையால் அக்கருவியிலே மினுக்கிக்கொண்டிருக்கும் சிவப்பு விளக்கு நோயாளியின் கண்ணில் படும்படி அதனைத் திருப்பி வைக்கலானேன். அன்று முதல் பலருக்கும் வலி துரிதமாகக் குறைகிறது. இவ்விஷயத்தைப் பாடத்திட்டத்தின் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வகுப்புக்குள் வைத்தியர் நுழைவதும் உண்டு. "சார், ஒரு டவுட்டு" என்று எழுந்து நின்ற மாணவனை நோக்கி, "எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்; வகுப்பு முழுவதும் சிரித்தது, அவன் மட்டும் யோசித்து, "ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே இருக்கு சார்" என்றான். தசையின் பலத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரையில் மதிப்பிடும் முறையொன்றை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நரம்பு அறுபட்ட சிப்பாய்களைப் பரிசோதிக்கும் பொருட்டுப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பிரசித்தப்படுத்திற்று. புவியீர்ப்பை எதிர்த்து அசைய வல்ல தசைக்கு மூன்று. புவியீர்ப்பின் தொல்லையை நீக்கிக்கொடுத்தால் மட்டுமே அசைவதற்கு இரண்டு. இலேசான துடிப்பு மாத்திரம் தென்படுவதற்கு ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வரும் முதல் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்களுடைய கண்ணிமைத் தசைகளை இம்முறைப்படி மதிப்பிட்டுப் பார்ப்பது என் இரகசியப் பொழுதுபோக்கு. இரண்டரைக்கு மூன்றாக இருந்தது இரண்டே முக்காலுக்குள் ஒன்றாகிவிடும். அட்டெண்டன்ஸ் எடுக்கத் தொடங்கினால் க்ஷணத்தில் ஐந்து! நரம்பியலில் இத்தகைய அதிசயக் குணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி அந்த முடிச்சுக்கு வருகிறேன். மாணவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. நோயாளிகளுக்கு வீட்டுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. இரண்டையும் தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவர வேண்டுமென்பது விதி. மூட்டுத் தேய்மானத்துக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டொன்றைச் சுருட்டி வைத்து, தொடைத் தசையை இறுக்கி அந்தத் துண்டை அழுத்திப் பத்து எண்ணி விடுவதாகிய ஒரு சாமானியப் பயிற்சி. தொடையின் முன்புறத் தசை பலப்பட்டால் வலி தணிந்து நடை சீர்படுகிறது. என் அறையிலுள்ள கருவிகள் அத்தனையும் கூடிச் செய்ய முடியாததை இந்தத் துண்டு ஒன்றே செய்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும் காசு கொடுத்து வைத்துக்கொண்ட கரண்டுக்கு இருக்கும் மரியாதை வீட்டுத் துண்டுக்கு ஏது? செய்தவர்களும் பத்து எண்ணுகிற வேகத்தைப் பார்த்தால், பஸ் புறப்பட்டுவிடுமோ என்று நமக்கே பதற்றம் உண்டாகும். "பயிற்சி செய்தீர்களா அம்மா?" என்று கேட்டால், வீட்டில் விசேஷம், பிறகு ஊருக்குப் போயிருந்தேன், பிறகு உடம்புக்கு முடியவில்லை, நேற்றுத்தான் ஆரம்பித்தேன் என்று பதில் வரும். அன்று காலையில் ரெக்கார்டு நோட்டைக் கேட்டபோது மூன்றாம் ஆண்டு மாணவன் சொன்ன சமாதானங்களும் இவையே, வரிசைகூட மாறவில்லை. சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு விடிய விடிய உட்கார்ந்து ஒரு வருஷத்து ரெக்கார்டையும் எழுதி, விரல் விறைத்துப்போய் வந்து நிற்கும் பிள்ளையாண்டானும், என்னிடம் வரவேண்டிய நாளின் காலையில் ஒரு வாரத்துப் பயிற்சியையும் ஒரே மூச்சில் செய்து முடித்து, முழங்கால் வீங்கிப்போய் வந்து நிற்கும் அம்மாளும் ஒன்றுவிட்ட உறவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு உத்தியோகம் என்கிறார்களே, அது முழுப் பொய்; சொன்னதைச் செய்தாயா என்று கேட்கிற ஒரே உத்தியோகத்தை இரண்டு விலாசங்களில் பார்த்து வருகிறேன்.

வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் எனக்குள்ளேயே தகராறு வருவது ராபின் மெக்கன்ஸி என்னும் பிசியோதெரபிஸ்டின் கதையைச் சொல்லும்போது மட்டும்தான். நியூசிலாந்திலே வெலிங்டன் நகரத்தில் 1956-ஆம் ஆண்டு, முதுகிலிருந்து கால்வரையில் வலி பரவிய ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுத்திருங்கள் என்று மெக்கன்ஸி சொல்ல, முன்பு வந்தவருக்காகத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலிலேயே அவரும் அப்படியே படுத்துவிட்டார். முதுகு பின்புறமாக வளைந்த அந்தக் கிடை அக்காலத்தில் ஆகாதென்று எல்லோரும் அஞ்சிய கிடை. வந்து பார்த்த மெக்கன்ஸி திகைத்து நிற்க, அந்த மனிதரோ கால்வலி போய்விட்டதென்று சந்தோஷமாகச் சொன்னார். இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். ஆனால் இதே சம்பவம் என் கிளினிக்கில் நடந்திருந்தால், கால்வலி நீங்கியவர் வாயைத் திறப்பதற்கு முன்பாகவே வெளியே காத்திருந்த அவருடைய சம்சாரம் எட்டிப் பார்த்து, "எவன்யா கட்டிலை இப்படித் தூக்கி வச்சது?" என்று சந்து முழுவதையும் கூட்டியிருப்பார், ஒரு பெரிய சாஸ்திரம் பிறவாமலே போயிருக்கும். அன்று கண்டதை ஆண்டுக்கணக்கில் சோதித்து, இடுப்பு முதுகெலும்பைப் பற்றிய தம் நூலை மெக்கன்ஸி வெளியிட்டது 1981-இல். வருஷந்தவறாமல் ஆராய்ச்சிக் கட்டுரை எங்கே என்று கேட்கும் நிர்வாகத்தின்கீழ் அவர் அகப்பட்டிருந்தால், கடைசிவரையில் உதவிப் பேராசிரியராகவே இருந்திருப்பார்.

கல்லூரியும் கிளினிக்கும் ஒரே அறையில் சந்திக்கும் நாள், செய்முறைத் தேர்வு நாள். மாணவர்கள் பரிசோதிப்பதற்கென்று நோயாளிகளை அழைத்து வந்து, வண்டிச் சத்தமும் சாப்பாடும் கொடுத்து உட்கார்த்தி வைப்பது வழக்கம். என்னிடம் சிகிச்சைக்கு வரும் பெரியவர் ஒருவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கவாதத்தால் வலப்பக்கம் விழுந்து ஓரளவு எழுந்தவர், வருஷாவருஷம் இதற்கு வருகிறார். எந்தக் கேள்விக்கு என்ன விடை என்பதில் அவருக்கு இருக்கும் தேர்ச்சி இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. திகைத்து நின்ற மாணவனிடம், "அடுத்தாப்ல ரிஃப்ளெக்ஸ் பாருப்பா, சுத்தியல் மேசை மேல இருக்கு" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்தார். நடையின் பெயர் தெரியாமல் விழித்தவனுக்காகத் தாமாகவே எழுந்து, காலை வட்டமாக வீசி இரண்டு தடவை நடந்து காட்டினார். வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் என்னும் வெளித்தேர்வாளர் புதிதாக ஒரு கேள்வி கேட்டபோது மட்டும், "போன வருசம் வந்த ஐயா இதைக் கேக்கலியே" என்று சற்று அதிருப்தி அடைந்தார்.

கடைசியாக மதிப்பெண் போடும் தருவாயில் அவர் எக்ஸ்டர்னலை அருகே அழைத்தார். "இந்தப் பொண்ணுதான் சார் உள்ளங்கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிக்கிட்டுத் தொட்டுச்சு. மத்தவன் கையெல்லாம் ஐஸ் கட்டி. அதுக்கு ஏத்திப் போடுங்க" என்றார். எக்ஸ்டர்னலும் என்னைப்போல மாலையில் கிளினிக் நடத்துகிறவர்; மறுபேச்சில்லாமல் பேனாவை எடுத்தார். பெரியவர் என் பக்கம் திரும்பி, ஆட்டோக்காரன் கூடக் கேட்கிறானாம், இந்தத் தடவை வண்டிச் சத்தத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டுமென்றார்.