புள்ளி போதும்

நிரல் எழுதுவோரிடையே ‘கோடு கோல்ஃப்’ என்றொரு தவம் உண்டு. குறைந்த எழுத்தில் புதிரை முடிப்பவரே வெற்றியாளர். எழுதியது மறுநாள் அவருக்கே புரிய வேண்டும் என்று விதி கிடையாது. நல்லவேளை.

எலவனாசூர்கோட்டை என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 9 எழுத்து; காலையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடுக்கு 15. சிலர் நடுவில் இடம் விடுவார்கள், சிலர் ‘க்’ சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பிடிக்க, ‘ரெகெக்ஸ்’ என்ற தேடல் குறியீட்டில் ‘எ.*டை’ போதும். எள்ளுருண்டையும் கூடவே சிக்கும். சாதனை என்றால் சேதாரம் இருக்கத்தானே செய்யும்!

இன்னும் சுருக்கலாம். ரெகெக்ஸில் ஒற்றைப் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். அதை மட்டும் வைத்தால் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை, கம்சாத்கா எல்லாமே எலவனாசூர்கோட்டைதான். கென் தாம்ப்சன் 1968இல் விளக்கிய தேடல் நுட்பத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது? உலகமே ஒரு புள்ளியில் அடங்கியாயிற்று.

இதைக் கேட்டுப் பூரித்த ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆதாரில் ‘மு. கோவிந்தன்’, ரேஷன் கார்டில் ‘மு கோவிந்தன்’ என்று இருந்த தன் பெயருடன் தைரியமாகக் கவுன்டருக்குப் போனார்.

“புள்ளி இடிக்குது பெரியவரே. அஃபிடவிட் எடுத்துக்கிட்டு வாங்க.”