காட்டேரிக்கும் ஆசாரம் உண்டு

டிராகுலா ரசிகருக்கு டிராகுலாவைக் கண்டால் பயம் கிடையாது. டிராகுலா படம் எடுக்கக் கிளம்புகிற டைரக்டர்களை நினைத்தால்தான் நெஞ்சு படபடக்கும். பேய்ப் பட ரசிகர் அலறுவதற்காக டிக்கெட் எடுக்கிறார். நம்மாள் தப்புக் கண்டுபிடிக்க எடுக்கிறார்.

சொந்த வாழ்க்கையில் இவர் ராகுகாலம் பார்க்க மாட்டார். கிரகணத்தன்று பஜ்ஜி போடச் சொல்லிச் சாப்பிடுவார். ஆனால் ரத்தக் காட்டேரி விஷயத்தில் இவரை மிஞ்சிய வைதீகர் இல்லை. கண்ணாடியில் உருவம் விழக்கூடாது. சொந்த ஊர் மண் பரப்பிய பெட்டியில்தான் படுக்க வேண்டும். சிலுவையைக் கண்டால் ஒதுங்க வேண்டும். அழைக்காத வீட்டின் வாசற்படியைத் தாண்டவே கூடாது. அடுக்களை வாசலில் நின்று மருமகளின் மடியைக் கண்காணித்த அந்தக் காலத்துப் பாட்டியின் பார்வையோடு டிவி முன் உட்கார்ந்திருப்பார். திடீரென்று "நிறுத்து, நிறுத்து" என்று ரிமோட்டைப் பிடுங்குவார். பின்னால் இருக்கும் அலமாரிக் கண்ணாடியில் காட்டேரியின் கோட்டு நுனி தெரிந்திருக்கும். "போச்சு! இவனெல்லாம் எதுக்கு டைரக்டர் ஆனான்?" அதற்குள் படத்தில் இரண்டு பேர் ரத்தமிழந்து செத்திருப்பார்கள். அது இவர் கவலை இல்லை.

இத்தனை கறாரான மனிதர், டாட் பிரவுனிங் 1931-ல் எடுத்த 'டிராகுலா'விடம் மட்டும் குழைந்துவிடுவார். பேலா லுகோசி நடித்தது. அதில் டிரான்சில்வேனியாக் கோட்டைக்குள் ஆர்மடில்லோ ஊர்ந்து போகிறது. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாத பிராணி. அது அந்த மலைக்கோட்டைக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "பிரபு குடும்பம் சார். ஆசைப்பட்டு வரவழைச்சிருப்பாரு." லுகோசி அந்தப் படத்தில் ஓரிடத்தில்கூடக் கோரைப்பல்லைக் காட்டுவதில்லை. அதுவும் குறை இல்லையாம். "பல்லைக் காட்டிப் பிழைக்கிற ஆளா அவரு?" 1956-ல் லுகோசி இறந்தபோது டிராகுலா அங்கியோடுதான் அடக்கம் செய்தார்கள் என்று சொல்லும்போது குரல் கம்மிவிடும்.

அந்த 1931 படத்தின் செட்டிலேயே, ஆங்கிலப் படக்குழு வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, இன்னொரு குழு அதே கதையை ராத்திரி ராத்திரியாக ஸ்பானிஷில் எடுத்தது. நைட் ஷிஃப்டில் தயாரான டிராகுலா! கேமரா வேலையில் ஸ்பானிஷ் படம்தான் ஒரு படி மேல் என்று நம்மாள் அடித்துச் சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவரிடம் சொல்வதில்லை, சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

லுகோசிக்கு அடுத்த பீடம் கிறிஸ்டோபர் லீக்கு. 1966-ல் வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' படத்தில் லீ ஒரு வார்த்தை பேசுவதில்லை, சீறுவதோடு சரி. வசனம் சகிக்கவில்லை, அதனால் பேச மறுத்துவிட்டேன் என்றார் லீ. நான் அவருக்கு வசனமே எழுதவில்லையே என்றார் கதாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டர். இந்தப் பஞ்சாயத்தில் நம்மாள் லீ கட்சி. "வசனம் பிடிக்கலைன்னா வாயை மூடிக்கிட்டு நடிக்கலாம்னு நம்ம ஊர் ஹீரோங்களுக்கு யாராவது போய்ச் சொல்லுங்களேன்" என்பது கொசுறு.

பிற நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிற ஆளும் இல்லை. ஹாங்காங்கில் 1985-ல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' படத்தில் பிணங்கள் கையை நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வருகின்றன; மூச்சை அடக்கிக்கொண்டால் நம்மைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவுகின்றன. "அது வேற சம்பிரதாயம்" என்று அனுமதி கொடுத்துவிட்டார். அந்தக் காட்சி முடியும் வரை அவரும் மூச்சு விடுவதில்லை.

அவருடைய உயிர்நாடி வாசற்படி விதிதான். 2008-ல் வந்த சுவீடன் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்'. பன்னிரண்டு வயதுப் பையன் ஆஸ்கர். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஏலி காட்டேரி என்று அவனுக்குத் தெரியும். உள்ளே வரலாமா என்று ஏலி கேட்கிறது. வாயால் சொல்லாமல், வா வா என்று வம்பாகக் கையை ஆட்டுகிறான். சொல்லாமல் வந்தால் என்னதான் ஆகும், பார்த்துவிடுவோமே என்ற பிள்ளைக் குசும்பு. ஏலி வந்து நிற்கிறது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு உடம்பு நடுங்குகிறது. முதுகுத் துணியில் ரத்தம் ஊறுகிறது. கண், காது, தலை என்று எல்லா இடத்திலிருந்தும் வழிகிறது. பையன் பதறிப்போய்க் கட்டிக்கொண்டு, வரலாம் என்று கத்துகிறான். பல படங்களில் உள்ள விதிதான். மீறினால் என்ன வலி என்பதை இப்படிக் காட்டியவர்கள் குறைவு. இந்த இடத்தில் நம்மாள் ரிமோட்டைத் தொடுவதில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும்.

"கூப்பிடாத வீட்டுக்குள்ள கால் வைக்காத பிறவி உலகத்துல இவங்க மட்டும்தான்" என்பார்.

"அப்ப உங்க சித்தப்பா குடும்பத்தை யாராவது கடிச்சு வெச்சா தேவலை" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

2025-ல் 'சின்னர்ஸ்' வந்தபோது வீட்டில் திருவிழா. 1932-ன் மிசிசிப்பியில், பாட்டும் கூத்துமாக இருக்கும் ஒரு கொட்டகையின் வாசலில் காட்டேரிகள் நின்று, உள்ளே விடுங்கள் என்று பாடியே கெஞ்சுகின்றன. ஆசாரம் பிசகாத காட்டேரிகள்! உள்ளே இருப்பவர்களோ, தங்களில் யார் இன்னும் மனிதர் என்று தெரிந்துகொள்ள ஊறுகாய்ப் பூண்டை மென்று காட்டுகிறார்கள். நம்மாள் வீட்டில் அந்தச் சோதனை தயிர் சாதத்தோடு தினமும் நடக்கிறது.

இவரை ஆட்டம் காண வைத்தது அக்கா மகள். ராபர்ட் எக்கர்ஸின் 2024 'நோஸ்ஃபெராட்டு'வில் ஓர்லாக் பிரபு பெரிய மீசையோடு வந்தார். "காட்டேரிக்கு மீசையா?" என்று நம்மாள் பொருமித் தீர்த்தார். அந்தப் பெண் பேசாமல் போய் ஓர்லாக்குக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 1897 'டிராகுலா' நாவலைப் படித்துவிட்டு வந்தது. டிராகுலாவுக்கு நீண்ட வெள்ளை மீசை இருப்பதாகவே அதில் எழுதியிருக்கிறது. "நான் மீசை வேணாம்னா சொன்னேன்? இவ்வளவு அடர்த்தி வேணாம்னேன்" என்று சமாளித்தார்.

மீசையில் தோற்றவர் வெயிலில் பிடித்துக்கொண்டார். 'ட்விலைட்' படத்தில் வரும் காட்டேரி எட்வர்டுதான் அவள் ஆள்; 'ட்விலைட்' என்ற பெயரைக் கேட்டாலே இவருக்கு ரத்தக் கொதிப்பு.

"வெயில் பட்டா சாம்பலாகணும்மா. மினுங்கக் கூடாது!"

"மாமா, நாவல்ல டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் பிக்காடிலியில நிக்கிறாரு. பகல்ல சக்தி குறையும், அவ்வளவுதான். சாம்பலெல்லாம் இல்ல."

உண்மைதான். வெயிலில் சாகிற வழக்கத்தைத் தொடங்கிவைத்தது 1922-ல் முர்னா எடுத்த பழைய 'நோஸ்ஃபெராட்டு'. அதுவே ஸ்டோக்கரின் நாவலை உரிமை வாங்காமல், பெயர்களை மாற்றி எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மனியில் தீர்ப்பும் வாங்கினார். ஆனாலும் சில பிரதிகள் தப்பிவிட்டன. கோர்ட்டே கொல்லச் சொல்லியும் சாகாத காட்டேரி! நம்மாள் கட்டிக் காத்த சம்பிரதாயம் அந்தத் திருட்டுப் படத்தின் சீதனம்.

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நூறு வருஷம் ஆச்சில்ல? நூறு வருஷம் ஆனா எதுவும் சம்பிரதாயம்தான்" என்றார்.

"அப்ப 2108-ல ட்விலைட்டும் சம்பிரதாயமாயிடுமா மாமா?"

"நல்லவேளை, அந்தக் கண்றாவியைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்."

"இருக்கணும்னா சொல்லுங்க மாமா, எட்வர்டை வரச் சொல்றேன். நீங்க வாசல்ல நின்னு 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."