கற்கண்டு விளைச்சலில் விரலின் பங்கு: ஒரு முதற்கட்ட ஆய்வு

கோடை விடுமுறையும் குழந்தைகளும் ஒருங்கே அமைந்த வீடுகளில் நடைபெறும் கற்கண்டு வளர்ப்பே இவ்வாய்வின் எல்லை.

கொள்கை எளிது. அறை வெப்பத்தில் 100 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். கொதிநிலையில் 480 கிராமுக்கு மேலும் கரைக்கும். சூட்டில் விழுங்கிய அதிகப்படியை ஆறிய பாகு வைத்துக்கொள்ள இயலாமல் தவிக்கும். அப்போது, முன்கூட்டியே நனைத்துச் சர்க்கரையில் புரட்டி உலர்த்திய நூலொன்றைத் தொங்கவிட்டால், அதிலுள்ள மணிகளைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். ஒரு வாரமாவது ஆகும். பாகு காய்ச்சுவது பெரியவர் வேலை.

முன்னோர் வெப்பத்தையும் செறிவையும் விரிவாகப் பேசினர், விரலை விட்டுவிட்டனர். இது பெருங்குறை. விரல் இருவகைப்படும். "வந்துடுச்சா?" என நூலைத் தூக்கிப் பார்ப்பது ஆய்வு விரல், பாகில் தோய்ந்து வாய்க்குச் செல்வது சுவை விரல். முதலாவதே அதிகக் கேடு. ஆட்டம் கண்ட பாகில் எண்ணற்ற இடங்களில் ஒரே சமயத்தில் படிகம் தொடங்கி, எதுவும் பெரிதாகாமல் அடியில் பொடியாகத் தங்கிவிடும். சுவை விரல் குழந்தைகளுக்கே உரியது என்பாரும் உளர். இரவு பதினொரு மணிக்குச் சமையலறை விளக்கு எரிவதை அவர்கள் கவனித்ததில்லை போலும்.

விரலினும் வலியது பாட்டியின் எலுமிச்சை. குலாப் ஜாமூன் பாகு பூத்துவிடாதிருக்கப் பிழியும் அதே சில சொட்டு இங்கும் விழுந்தால், அமிலம் சூட்டில் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துப் படிகமாவதைக் கெடுக்கும். பாட்டி செய்தது பிழையன்று. அவர் இத்தனை காலம் ஒழித்துவந்ததையே நாம் வளர்க்கப் புகுந்தோம்.

எறும்புகளுக்கு அழைப்பு தேவையில்லை. கிளாஸைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, வாயில் மெல்லிய துணி கட்டுக. இறுக்கமான மூடி ஆகாது. நீர் ஆவியாக வேண்டும்.

விளைந்ததை இருட்டில் இடுக்கியால் நொறுக்கினால் மங்கிய நீல ஒளி மின்னும். சர்க்கரையின் இக்குணத்தை பிரான்சிஸ் பேக்கன் 1620லேயே எழுதிவைத்தார்.

பரிந்துரை: இரண்டு கிளாஸ் வைக்கவும். ஒன்று கற்கண்டுக்கு, மற்றொன்று விரலுக்கு. வீட்டில் குழந்தைகள் இருவராயின் மூன்று வைக்கவும். விரல் கிளாஸ்கள் இரண்டிலும் பாகு ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இல்லையேல் எழும் பஞ்சாயத்துக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.