இடப்பக்கம் இரண்டு அங்குலம் குட்டை

ரெனோ 4 காரின் இடப்பக்கத்தில், முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை டேப்பை இழுத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுற்றிப்போய் வலப்பக்கமும் அளந்து பாருங்கள், 48 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். முதலில் டேப்பின் மேல் சந்தேகம் வரும், அடுத்து நம் கண்ணின் மேல். கடைசியில் இந்த வண்டி எங்கேயோ பலமாக இடிபட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, விலையைக் குறைத்துக் கேட்கத் தயாராவோம். இடியெல்லாம் ஒன்றுமில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்ததே அப்படித்தான். பிரான்சில் 1961-இல் தொடங்கி, முப்பது வருடத்துக்கும் மேலாக, 80 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை இடப்பக்கம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் குட்டையாகவே செய்து விற்றிருக்கிறார்கள். நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாக வைக்கிற தச்சரை ஊரில் யாரும் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள். இவர்களை மட்டும் உலகம் 80 லட்சம் முறை கூப்பிட்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கோணல் பிடிக்கும், அதனால் கோணல் வண்டி செய்தார்கள் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது தப்பு என்பது என் கட்சி. ரெனோ 4-இல் கோணலாகத் தெரிகிற ஒவ்வொன்றும், ஒரு குடும்பத்தின் சாமான்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றதால் வந்தது.

அந்த இரண்டு அங்குலத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த வண்டியின் பின்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் முறுக்குத் தண்டுகள், அதாவது சக்கரம் மேலே எழும்பும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு, பிறகு பழையபடி திரும்புகிற இரும்புக் கம்பிகள். கம்பி நீளமாக இருந்தால் முறுக்கு மென்மையாக இருக்கும், குழியில் இறங்கும்போது இடுப்பு பிழைக்கும். அதனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு கம்பி கொடுத்தார்கள். இப்போது கணக்கு இடிக்கிறது. இரண்டு கம்பி, இரண்டுமே முழு அகலம், ஒரே இடத்தில் இரண்டையும் படுக்கப் போட முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் தரை மேடாகும். பாதி அகலத்துக்கு வெட்டினால் மென்மை போகும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் போட்டால் எல்லாம் சரி, ஒரு சக்கரம் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கும். நிற்கட்டுமே என்று விட்டுவிட்டார்கள். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, உட்காருகிறவருக்கும் தெரியாது. டேப்போடு அலைகிற நம்மைப்போன்ற வேலையற்றவர்களுக்குத்தான் தெரியும். சமச்சீர் என்பது கண்ணுக்குக் கொடுக்கிற காசு. அந்தக் காசை மிச்சம் பிடித்து உருளைக்கிழங்கு மூட்டைக்கு இடம் வாங்கிக்கொண்டார்கள்.

மூட்டை என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. அதற்கு முன்னால் ரெனோ விற்றுக்கொண்டிருந்த குடும்ப வண்டி 4சிவி. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற நல்ல வண்டிதான், ஆனால் இன்ஜின் பின்னால் இருந்தது. பின்னால் இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் சாமான் எங்கே போகும்? மூக்குப் பக்கம் ஒரு சின்னப் பொந்துக்குள் போகும். பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு அது போதும். இன்னொரு பக்கம் சித்ரோயன் நிறுவனத்தின் டூ ஷெவோ, தகரக்கொட்டகைக்குச் சக்கரம் வைத்ததுபோல ஒரு வண்டி, கிராமத்து விவசாயியை முழுசாக வளைத்துப்போட்டிருந்தது. அப்போது அரசு நிறுவனமாக இருந்த ரெனோவுக்கு 1955-இல் தலைவராக வந்தவர் பியேர் திரெய்ஃபுஸ். நகரத்துக்கும் கிராமத்துக்கும், வாரநாளுக்கும் விடுமுறைக்கும் ஒரே வண்டி வேண்டும், நீலநிற ஜீன்ஸ் மாதிரி என்றார். இந்த உவமை எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்துக் குடும்பக் கார்கள் எல்லாமே மாப்பிள்ளைக் கோட்டு. போட்டுக்கொண்டு புகைப்படம் எடுக்கலாம், தென்னை மரம் ஏற முடியாது.

ஜீன்ஸ் தைக்கக் கிளம்பியவர்கள் முதலில் இன்ஜினை முன்னால் கொண்டுவந்தார்கள், முன்சக்கரங்களையே அதற்கு இழுக்கக் கொடுத்தார்கள். இதனால் வண்டியின் நடுவில் ஓடுகிற நீளத் தண்டும் இல்லை, அதை மூடுகிற மேடும் இல்லை, தரை திண்ணைபோலச் சமமானது. கியர்பெட்டி இன்ஜினுக்கும் முன்னால், வண்டியின் மூக்கருகே போய்விட்டது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற கியர்பெட்டியை ஓட்டுகிறவர் எப்படித் தொடுவார்? தரைக்கடியில் வளைத்து நெளித்துக் கம்பி விட்டிருக்கலாம். இவர்கள் டேஷ்போர்டிலிருந்து இன்ஜினின் தலைக்கு மேலாக நேரே ஒரு கம்பியை நீட்டி, இந்த முனையில் குடைக்காம்பு மாதிரி ஒரு பிடியை வளைத்துவிட்டார்கள். கியர் போட அந்தக் காம்பைத் தள்ள வேண்டும், இழுக்க வேண்டும், இடையில் கொஞ்சம் திருக வேண்டும். முதன்முறை உட்காருகிறவருக்கு வண்டி ஓட்டுகிறோமா, அடுத்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கிறோமா என்ற குழப்பம் வரும். ஆனால் கால்மாட்டில் கியர்க்கம்பு இல்லாததால் முன்னிருக்கைகளுக்கு நடுவே கூடை வைக்கலாம், நாய் படுக்கலாம். சிரிப்பு மூட்டுகிற அந்தக் காம்பு, உண்மையில் தரையைக் காலிசெய்து கொடுத்த காம்பு.

பின்பக்கம்தான் இந்த வண்டியின் நிஜமான முகம். நம் பழைய கார்களின் டிக்கி எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் வாய் சின்னது. பெட்டி நுழையும், பெட்டியின் பிடி நுழையாது. ஒரு கட்டத்தில் டிக்கியைக் கயிற்றால் கட்டி, பாதி திறந்த வாயோடு ஊர்வலம் போக வேண்டியதுதான். ரெனோ 4-இல் பின்பக்கம் முழுவதுமே ஒரு கதவு, கண்ணாடியோடு சேர்த்துக் கூரைவரை மேலே தூக்கிக்கொள்ளும். பின்னிருக்கையை மடக்கலாம், போதாவிட்டால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டும் போகலாம். அதன் வேன் வடிவத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கூரையின் பின்விளிம்பில், கதவுக்கு மேலே, தனியாக ஒரு சின்ன மூடி. பெயர் ‘ழிரஃபோன்’, ஒட்டகச்சிவிங்கிக் குட்டி என்று அர்த்தம். ஏணி, குழாய், நீளப்பலகை எதுவானாலும் உள்ளே வைத்து, மூடியைத் திறந்துவிட்டால் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு வரும். கதவை மூடிப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம், கயிறு வேண்டாம், பின்னால் சிவப்புத்துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் உட்கார வேண்டாம். ஏணிக்காகக் கூரையில் ஓட்டை போட ஒரு நிறுவனம் சம்மதித்தது என்றால், அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் நிஜமாகவே ஏணி தூக்கியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பிரெஞ்சு அஞ்சல்துறையும் ழாந்தார்ம் காவல்படையும் இதை வாங்கிக் குவித்ததில் ஆச்சரியமில்லை.

பராமரிப்பிலும் இதே கதை. அன்றைய கார் வைத்திருப்பது கிட்டத்தட்ட மாடு வைத்திருப்பதுபோல. காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அவ்வப்போது அடியில் படுத்து மூட்டு மூட்டாகக் கிரீஸ் தடவ வேண்டும். ரெனோ 4-இல் குளிர்நீரை மூடிய சுற்றுக்குள் அடைத்து, கொதித்துப் பொங்குவதற்குத் தனியாக ஒரு குப்பியும் வைத்துவிட்டார்கள். கிரீஸ் அடிக்கிற இடங்களையே ஒழித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்கடியில் படுத்துக் கிடப்பதையே குடும்பத்திலிருந்து தப்பிக்கும் வழியாக வைத்திருந்த கணவர்களுக்கு இது பெரிய நஷ்டம்தான். அவர்கள் சார்பில் வருந்துகிறேன்.

என் கட்சிக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஏழைகள் மலிவு என்று வாங்கினார்கள், விற்றது, இதற்கு எதற்கு இவ்வளவு தத்துவம் என்பார்கள். இந்த வாதத்தைச் சோதித்துப்பார்க்க வேறு யாரும் வேண்டாம், ரெனோவே ஒரு பரிசோதனை செய்து வைத்திருக்கிறது. ரெனோ 4-உடன் கூடவே ரெனோ 3 என்று அதைவிட மலிவான ஒரு தம்பியையும் 1961-இல் இறக்கினார்கள். 747 சிசி இன்ஜினுக்குப் பதில் 603 சிசி. பின்பக்கம் மூன்றாவது பக்கக் கண்ணாடி கிடையாது, அந்த இடத்தில் வெறும் தகரம். மலிவுதான் மந்திரம் என்றால் தம்பி அல்லவா பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்? அடுத்த வருடமே அதை நிறுத்திவிட்டார்கள், யாரும் சீண்டவில்லை. காசு கூடக் கொடுத்து, மூன்றாவது கண்ணாடி வைத்த ‘4எல்’ வகையைத்தான் ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். கடைசியில் வண்டிக்கே அந்தப் பெயர் நிலைத்து, பிரான்சில் இன்றும் அது ‘கத்ரெல்’தான், 4எல் என்பதன் பிரெஞ்சு உச்சரிப்பு. ஏழை ஏமாளி அல்ல. கோணல் வண்டியை வாங்குவார், ஓட்டை வண்டியை வாங்க மாட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

அடுத்த மறுப்பு கௌரவம் சம்பந்தப்பட்டது. இதில் ஏறி மாமனார் வீட்டுக்குப் போய் இறங்க முடியுமா என்று கேட்பது நியாயம்தான். வளைவில் திரும்பும்போது இந்த வண்டி சாய்கிற சாய்ப்பைப் பார்த்தால், வழியில் போகிறவரிடம் ரகசியம் சொல்லக் குனிகிறது என்று தோன்றும். வேகம் பற்றி அதிகம் பேச வேண்டாம், ஆரம்பகால வண்டிகள் நூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கின. ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது, மளிகைக்கடை அலமாரிக் கண்ணாடிபோலப் பக்கவாட்டில் நகரும். முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஒய்யாரமாக ஓட்ட வழியில்லை. கௌரவம் தேடியவர்களுக்காக 1963-இல் ‘பரிசியன்’ என்று ஒரு வகையும் வந்தது. அதன் பக்கத் தகடுகளில் பிரம்பு பின்னியதுபோல ஒரு சித்திரம். பிரம்பு அல்ல, பிரம்பின் படம். கூடை சுமக்கப் பிறந்த வண்டிக்குக் கூடையின் வேஷமே கட்டிவிட்டார்கள். ஆனால் இந்தக் கௌரவப் பிரச்சினையைப் பெரும்பாலானவர்கள் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். விவசாயி, பள்ளி ஆசிரியர், காவலர், மாணவர் என்று எல்லோரும் அதே வண்டியில் போனதால், உள்ளே இருப்பவரின் சம்பளத்தை வண்டியை வைத்துக் கணக்குப் போட முடியாமல் போயிற்று. கணக்குப் போட முடியாத இடத்தில் கௌரவத்துக்கு வேலையில்லை. 2013-இல் ஓர் இத்தாலியப் பாதிரியார், 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய தன் 1984-ஆம் வருடத்து வெள்ளை ரெனோ 4-ஐ போப் பிரான்சிஸுக்குப் பரிசாகக் கொடுத்தார். போப்பாண்டவரும் வாங்கிக்கொண்டார். மாமனார் வீட்டைவிட வாடிகன் சற்றுப் பெரிய இடம் என்றே நினைக்கிறேன்.

மறுப்புகளில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். துருவும் பாதுகாப்பும். தகரம் மெல்லியது, மழையைக் கண்டால் அடித்தட்டு கரையத் தொடங்கும். மேல்கூடு அடித்தட்டின் மேல் போல்ட் போட்டு நிற்பதால் கழற்றி மாற்றலாம் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். வீடு இடிந்தாலும் வாசற்படி நன்றாக இருக்கிறது என்பதுபோல. மோதலில் இன்றைய கார் காப்பாற்றுவதுபோல இது காப்பாற்றாது, இதற்கு மழுப்பல் பதில் சொல்வதும் அழகல்ல.

மற்றபடி உறுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்துக்கு, 1979-இல், கிளாட், பெர்னார் மரோ என்ற சகோதரர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றிய ஒரு ரெனோ 4-ஐ ஓட்டிப்போனார்கள். சகாராவில் பெரிய பெரிய ஜீப்புகள் மூச்சடைத்து நிற்க, மறுவருடம் இந்த மளிகை வண்டி கார் பிரிவில் மூன்றாவதாக வந்தது. இன்றும் வருடாவருடம் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் பழைய ரெனோ 4-களைத் தட்டி நிமிர்த்தி, மொராக்கோ பாலைவனத்துக்குப் பள்ளிக்கூடச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பந்தயம் போகிறார்கள். மணலில் புதைந்தால் நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம், பழுதானால் ஸ்பானரும் பொறுமையும் போதும். கொலம்பியாவில் இதை ‘அமிகோ ஃபியேல்’, விசுவாசமான தோழன், என்று சொல்லி விற்றார்கள். மலைப்பாதைகள் அதிகமுள்ள நாட்டில் அந்தப் பெயர் வெறும் விளம்பரமாக இருந்திருந்தால் இரண்டு தலைமுறை நிலைத்திருக்காது.

அவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் நின்றுபோயிற்று என்று கேட்கலாம். ஐரோப்பாவின் புகை விதிகள் கடுமையானபோது பழைய இன்ஜினை அதற்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகவில்லை. 1992-இல் ‘பை-பை’ என்று பெயர் வைத்து, எண் பொறித்த ஆயிரம் வண்டிகளை விற்று வழியனுப்பினார்கள். அதற்குள் அதன் பின்கதவு ஊரிலுள்ள எல்லாச் சின்னக் கார்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று கார் வாங்குகிறவர் பின்கதவைத் தூக்கி, இருக்கையை மடக்கி, சைக்கிளை உள்ளே தள்ளும்போது அதைக் கோணல் என்று யாரும் சொல்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும், குட்டையான இடப்பக்கம் ஏதோ ஒரு பொறியாளரின் கிறுக்கு, அது ஒருமுறை நடந்த விபத்து என்று நினைப்பவர்களுக்கு ரெனோ 5-ஐக் காட்டலாம். 1972-இல் வந்தது, மிஷேல் பூவே வரைந்த வண்டி. ஒல்லியான, பிளாஸ்டிக் பம்பர் வைத்த, அழகுக்காகவே கொண்டாடப்பட்ட கார். நவநாகரிகப் பெண்களும் இளைஞர்களும் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஆரம்பகால வண்டிகளில் கியருக்கு டேஷ்போர்டிலிருந்து அதே குடைக்காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்களுக்கும் அதே முறுக்குத் தண்டுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. இரண்டு பக்கமும் அளந்தால் இங்கேயும் கணக்கு ஒத்துவராது. முகம் லட்சணமாக இருந்ததால் யாரும் டேப்பைத் தேடவில்லை.